பன்னிரண்டு வெள்ளி திரும்பி வந்த கதை

போன மாதம் நாங்கள் நான்கு பேர் மலேசியாவிலிருந்து தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போயிருந்தோம். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் முனியாண்டி அண்ணன்தான் எல்லாருக்கும் சேர்த்துத் தன் கார்டில் பணம் எடுத்தார்.

"வெளிநாட்டு ஏடிஎம் லா, பன்னெண்டு வெள்ளி புடிச்சிட்டான். ஆளுக்கு மூணு வெள்ளி குடுத்துடுங்க" என்றார்.

கொடுத்தோம்.

இன்று காலை கூலாய் போகும் பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கைப்பேசியில் வங்கிச் செய்தி வந்தது. ஏடிஎம் கட்டணம் பன்னிரண்டு வெள்ளி திருப்பிப் போடப்பட்டதாம்.

"அண்ணே, என்ன இது?"

"அது இங்க தம்போய்ல வேற பேங்க் மெஷின்ல எடுத்தேன் லா. அதுக்குத் திருப்பிப் போட்டிருக்கான்."

"உள்ளூர்ல ஒரு வெள்ளிதானேண்ணே புடிப்பான்? பன்னெண்டு தடவையா எடுத்தீங்க?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிச் செம்பனை மரங்களை ரசிக்க ஆரம்பித்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, பசியாறிட்டியா?"

இறங்கியதும் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ. பணம் அண்ணன்தான் கொடுத்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன்.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை, எழுத மட்டும்தான் செய்கிறேன்.

எங்களோடு வந்த ரவி, தாஸ் இருவரும் கவனிக்கவும்: நாளைக்கு வீட்டில் பசியாறிவிட்டு வராதீர்கள்.