ஐஸ் பெட்டிக்குள் ஒரு ஹெல்மெட்

வலிக்கிறது என்று வருபவரைவிட, வலியே இல்லை என்று வருபவரிடம்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட் அதிகம் பயப்பட வேண்டும். நர்ஸ், பிசியோ என்று இந்தப் பிழைப்பில் இருக்கும் எல்லோரும் இப்படி ஒருவரிடமாவது மாட்டியிருப்பீர்கள். நான் மாட்டியது துபாயில், ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்பில். நான் வேலை பார்க்கும் கிளினிக்கிலிருந்து சனிக்கிழமைகளில் என்னை அங்கே அனுப்புவார்கள். டாக்டர் இல்லாவிட்டாலும் ஆட்டக்காரர்களுக்கு நான் 'டாக்'தான். நாகர்கோவிலில் படித்த நாளில் வைவாவில்கூட வாய் திறக்கத் தயங்கியவள் நான்.

பந்தைத் தொடாதவர்

டேரல் அந்த அணியின் லைன்மேன். முன்வரிசையில் நின்று, தன் அணியில் பந்தை எறியப்போகிறவரிடம் எதிரணி நெருங்கிவிடாமல் முட்டித் தடுப்பது அவர் வேலை. ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் தன்னைப் போலவே மலை மாதிரி ஒருவர்மேல் மோதியாக வேண்டும். அமெரிக்காவில் சில வருடம் தொழில்முறையாக ஆடியவர், அங்கே அணியிலிருந்து விடுவித்த பிறகு ஒப்பந்தத்தில் இங்கே வந்தார். வயது முப்பத்து மூன்று. இந்த சீசன் வீடியோக்களை ஜெர்மனியில் ஒரு கிளப் கேட்டிருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் இன்னும் இரண்டு வருடம் ஆடலாம். பிடிக்காவிட்டால் அதோடு சரி.

முதல் நாள் படிவத்தில், வலி உண்டா என்ற கேள்வி வந்த இடத்திலெல்லாம் 'இல்லை' என்று குறித்திருந்தார். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சைத் தழும்பு. ஒரு மோதிர விரல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நான் முழங்காலைத் தொட்டதும் அவர் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு. எங்கே வலிக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்கே வலிக்கவில்லை என்று கேளுங்கள் டாக், சீக்கிரம் முடிந்துவிடும்."

சத்வாவில் தைத்த காலர்

பஷீர் காக்கா காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாயில் சத்வா பகுதியில் தையல் கடை வைத்திருக்கிறார். கிளப்பின் ஜெர்சிகளைத் தைப்பதும் பிரிப்பதும் அவர்தான். ஆட்ட நாளில் ஊசி நூலோடு மைதானத்துக்கே வந்துவிடுவார். அரையிறுதிக்கு முந்தின வாரம் டீ குடிக்கும்போது, தன் கைவேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒன்று சொன்னார். டேரல் தனியாகக் கடைக்கு வந்து, ஜெர்சி காலருக்குள் யாருக்கும் தெரியாமல் கனமாக ஸ்பான்ஜ் வைத்துத் தைத்து வாங்கிப் போனாராம். கழுத்து பின்னால் மடங்காமல் இருக்க வேண்டுமாம். ஏனாம் என்று கேட்டேன்.

"சட்டைக்குள்ள பஞ்சு வெக்கிறவன் குளிருக்கு வெப்பான், இல்லாட்டி அடிக்கு வெப்பான், தங்கச்சி. துபாய்ல ஏது குளிரு?"

சுத்தமான டேப்

மறுநாளே டேரலின் கழுத்தையும் தோளையும் சோதித்தேன். பலத்தில் குறை தெரியவில்லை. ஆடக் கூடாது என்று எழுதிக் கொடுக்க என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

லைன்மேன்கள் பாய்வதற்கு முன் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றுவார்கள். டேரல் எப்போதும் வலது கையைத்தான் ஊன்றுவார். அரையிறுதியில் நாலு குவார்ட்டரில் முதலாவது முடிந்தபோது, வியர்வையில் கழன்ற டேப்பை உரித்துவிட்டு அவர் பத்து விரலிலும் புதிதாக வெள்ளை டேப் சுற்றினேன். இடைவேளையில் தண்ணீர் கொடுக்கப் போனேன். இடது கை விரல் நுனிகளில் செயற்கைப் புல்லின் கருப்புத் துகள் அப்பியிருந்தது. வலது கை டேப் நான் சுற்றிய மாதிரியே வெள்ளையாக இருந்தது. பாட்டிலை வலது கையில் வாங்கியவர், உடனே இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

வலது கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தூக்கினார். நான் இரண்டு விரலால் அழுத்தினேன், கை கீழே போய்விட்டது. எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கக்கூட நான் அதைவிட அதிகம் அழுத்த வேண்டும். மோதும்போது கழுத்து நரம்பு நசுங்கினால் கையில் நெருப்பு ஓடுவது மாதிரி இருக்கும். பெரும்பாலும் சில நிமிடத்தில் சரியாகிவிடும். இவருக்கு அரை மணி நேரமாகியும் பலம் திரும்பவில்லை. இன்னொரு மோதலில் கை நிரந்தரமாகவே போய்விடலாம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நீங்கள் எதையும் பார்க்கவில்லை, டாக். இன்னும் இரண்டே குவார்ட்டர்."

ஐஸ் பெட்டி

கோச்சிடம் போனேன். என் குரல் அவர் காதில் விழ மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. "அவனையே கேட்டேன், நன்றாக இருக்கிறேன் என்கிறான்" என்று சொல்லிவிட்டு அவர் பலகையில் கோடு போடத் திரும்பிக்கொண்டார்.

இந்த ஆட்டத்துக்குப் போகும் பிசியோக்களிடம் கடைசியாக ஒரு வழி உண்டு. ஹெல்மெட் இல்லாத ஆளை நடுவர் உள்ளே விடமாட்டார். டேரலின் தலைக்கு இன்னொருவர் ஹெல்மெட் பொருந்தாது. பெஞ்சில் இருந்த அவருடைய ஹெல்மெட்டை எடுத்தேன். தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே ஐஸ் பெட்டிக்குள் அமுக்கி, மூடி, மேலே ஏறி உட்கார்ந்தேன்.

டேரல் பெஞ்சுக்கு அடியில் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். நேராக வந்து முன்னால் நின்றார். வெளிச்சமே மறைந்துவிட்டது. "எங்கே?" என்றார். நான் மூடியின்மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்ததில் பெட்டிக்குள் ஐஸ் கலகலவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தமே அவருக்குப் பதிலாகிவிட்டது. என்னையும் பெட்டியையும் சேர்த்து ஓரமாக நகர்த்த அவருக்கு இடது கை போதும். அதை அவர் யோசிப்பது தெரிந்தது. ஆட்டம் தொடங்க மைதானத்தில் விசில் ஊதினார்கள். அப்போது பஷீர் காக்கா வந்து, ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு, என் பக்கத்தில் அதே பெட்டியில் உட்கார்ந்தார். டேரலைப் பார்த்துச் சிரித்தபடி தமிழில் என்னிடம் சொன்னார்.

"அசையாத, தங்கச்சி. ரெண்டு பேரத் தூக்க அவருக்கு ஒரு கை பத்தாது."

ஸ்கேனுக்குப் பிறகு

தோற்றுவிட்டோம். டேரல் இடத்தில் இறங்கிய ஆள் எதிரணிக்கு மூன்று முறை வழிவிட்டார். அன்று பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்கேன். தண்டுவடம் போகும் பாதை கழுத்தில் இரண்டு இடங்களில் ஒடுங்கியிருந்தது. இனி ஆடவே கூடாது என்றார் டாக்டர். டேரல் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். நான் டீ நீட்டினேன். வலது கையில் வாங்கினார். பேப்பர் கப் கொஞ்சம் ஆடியது, ஆனால் கீழே விழவில்லை. கப்பைக் காலி செய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல லைன்மேன் பந்தைத் தொடமாட்டான், நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டான். நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள், டாக். ஆனால் நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை."

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். அங்கே யாரும் என்னிடம் வலியைச் சொல்வதில்லை, ஆனால் நான் ஐஸ் பெட்டிப் பக்கம் நகர்ந்தால் போதும், ஒவ்வொருவராகத் தங்கள் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.