லைட் அணைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்

கடையில் லைட் எரியும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அணைந்தால்தான் எங்களைத் தேடுவார்கள். அப்படித் தேடிக் கூப்பிட்டு என்னை முதலில் அவமானப்படுத்தியவர் தருமபுரி ஜவுளிக்கடை முதலாளி மாணிக்கம். அவர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

நான் ஆறாவதோடு படிப்பை விட்ட வயர்மேன். இந்த வயதில் போனைத் தடவித் தடவி, ஒயர் இல்லாத லைட் கன்ட்ரோலைக் கற்றுக்கொண்டேன். விஷயம் சின்னது. கூரையில் ஒரு சென்சார் இருக்கும். கீழே ஆள் நடமாடினால் லைட் முழுதாக எரியும், இல்லாவிட்டால் மங்கிவிடும். கரண்ட் பில் குறையும். முதன்முதலில் மாணிக்கம் கடையில்தான் மாட்டினேன். அங்கேதான் கடை ஆட்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "கண்ணு தெரியாத ஆளுகிட்ட இந்த வேலையக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அதே ஆட்கள் முன்னால் "தப்பு என்னுதுதான்" என்று அவர் ஒரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு வர வேண்டியது அவ்வளவுதான். கடைக்காரர்களிடம் பேச்சு வாங்கிய உங்களுக்கு இது புரியும்.

பட்டுச் சேலையும் மங்கிய லைட்டும்

மாணிக்கம் கடையில் மாட்டிய முதல் வாரம். இண்டூரிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்து பாயில் உட்கார்ந்தது. ஒரே சேலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் அசையாமல் பார்த்தார்கள். ஆள் இல்லை என்று நினைத்துச் சென்சார் லைட்டை மங்க வைத்துவிட்டது.

ஓடிப்போய், லைட் மங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைப் போனில் கூட்டி வைத்தேன். அதற்குள் பெண்ணின் அம்மா கேட்டுவிட்டார்: "ஏங்க, சேலை பாக்கறப்ப லைட்டக் கொறைக்கறீங்க, பில்லு போடற எடத்துல மட்டும் பளிச்சுனு வெச்சிருக்கீங்க?"

சட்டைப்பையில் சுவிட்ச்

அடுத்து ஒகேனக்கல் ரோட்டில் ஒரு மளிகைக்கடை. ஒயர் இல்லாத சுவிட்ச், சுவரில் ஒட்டி வைத்தால் போதும். மறுநாளே போன் வந்தது, லைட் தானாக எரிந்து எரிந்து அணைகிறதாம். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் சுவரில் சுவிட்சையே காணோம்.

கடைக்காரர் அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்தார், லைட் அணைந்தது. மூட்டையை இறக்கிவிட்டு மறுபடி குனிந்தார், எரிந்தது. அவர் சட்டைப்பையில் கையை விட்டுச் சுவிட்சை எடுத்தேன். அவர் கோபமாகச் சொன்னார்: "ஒயரு இல்லாத சாமானைச் செவுத்துல வுட்டுட்டுப் போறதுக்கு எனக்கென்ன பைத்தியமாங்க?"

ஆயுத பூஜைக்கு மறுநாள்

நான் பேச்சு வாங்கிய நாள் இதுதான். மாணிக்கம் கடையில் ஆள் நடந்தாலும் லைட் மங்கலாகவே கிடந்தது. தீபாவளி வியாபாரம் தொடங்கிய நேரம். போனதும் திட்டு, மேலே சொன்ன பேச்சு, அதற்குப் பிறகுதான் ஏணி.

ஏறிப் பார்த்தேன். சென்சார் முகம் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். அடுத்ததிலும் அப்படியே. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பொட்டு. யார் வைத்தது என்று கேட்டேன். ஏணியைப் பிடித்திருந்த சேல்ஸ்மேன் கோவிந்தன் மெதுவாகச் சொன்னார்: "மொதலாளியே ஏறி வெச்சாருங்கண்ணா. கல்லாவுக்கு வெச்சோம், கத்திரிக்கோலுக்கு வெச்சோம், இதுவும் மிசினுதானேன்னாரு."

துடைத்ததும் கடை பளிச்சென்று ஆனது. நான் இறங்கவில்லை. "எல்லாரையும் கூப்பிட்டு, தப்பு உங்களுதுன்னு சொல்லுங்க, அப்புறம் இறங்கறேன்" என்றேன். மாணிக்கம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏணிக்கு அடியில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவங்கெல்லாம் யாவாரத்துல இருக்காங்க. வுடுங்க, அடுத்த வருசம் பொட்டைச் சின்னதா வெச்சுக்கறேன்."

அதற்குப் பிறகு என் மகள் கல்யாணத்துக்குக்கூடச் சேலம் போய்த்தான் துணி எடுத்தேன்.

ஆள் வந்தால் எரிய வேண்டும் என்று கூரையில் இருக்கிற சென்சாருக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஆளைத் திட்டினால் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கல்லாவில் இருக்கிறவருக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் இந்தப் போனில் இன்னும் வழி வரவில்லை.