குழாயில் ஏறி வந்த கடல்

டொக்டர் என் பிரஷரைப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைக்கத்தான் சொன்னார். என் மனைவி அதை அடியோடு நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, கிளினிக்கிலிருந்து வந்த கையோடு உப்புப் போத்தலை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு மட்டும் அன்றே தவக்காலம் தொடங்கிவிட்டது. பருப்பு, மீன், கீரை எல்லாவற்றுக்கும் ஒரே ருசி, அதாவது ருசியே இல்லை. அவளும் அதையேதான் சாப்பிட்டாள் என்பதால் நான் வாய் திறக்கவும் வழியில்லை.

சில மாதங்கள் போயின. மழையே இல்லாத ஒரு வெயில் காலம். ஒரு மத்தியானம் பருப்பை வாயில் வைத்தேன். உப்பு! கொஞ்சம்தான், ஆனால் என் நாக்கை யார் ஏமாற்ற முடியும்? அவள் ஒன்றும் தெரியாதவள்போலச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மனம் இளகி, டொக்டருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை போடுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று மூச்சுக்கூட விடவில்லை. பதிலுக்கு, துறைமுகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் செய்யாததைச் செய்தேன். கோப்பை கழுவினேன், உடுப்பு மடித்தேன், அவள் சொன்ன பக்கத்து வீட்டுக் கதைகளை முழுதாக இருந்து கேட்டேன்.

இந்தத் திடீர் நல்ல குணம்தான் என்னை மாட்டிவிட்டது. ஒருநாள் குளித்துவிட்டு வந்தால் என் சட்டைப் பைகள் எல்லாம் வெளியே தொங்கின.

“எங்க ஒளிச்சு வச்சிருக்கிறீங்க?” என்றாள்.

“எதை?”

“உப்பை! நான் அந்தப் பக்கம் திரும்பினதும் சட்டிக்குள்ள போடுறீங்க. எனக்கு விளங்காதா?”

“அப்ப நீ போடல்லையா?”

“நான் ஏன் போடுறன்? உங்கள சவப்பெட்டிக்குள்ள வைக்கவா?”

எனக்கு உண்மையாகவே வலித்தது. அவள் மனம் இளகவே இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவளோ நான் பொய் சொல்கிறேன் என்று முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி வந்து இறங்கினான். மலைநாட்டில் ஓர் அணைக்கட்டில் இஞ்சினியர். குடிக்கவும் தேத்தண்ணிக்கும் நாங்கள் பெரிய போத்தல் தண்ணீர் வாங்குவது வழக்கம், சமையலுக்கு மட்டும்தான் குழாய். அன்று போத்தல் முடிந்திருந்ததால் அவள் குழாய்த் தண்ணீரையே கொதிக்க வைத்துத் தேத்தண்ணி ஊற்றினாள். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“அக்கா, சீனிக்குப் பதிலா உப்பையா போட்டீங்க?”

“இந்த வீட்டில உப்பே இல்ல!”

மூவரும் குழாயடிக்குப் போய் ஆளுக்கொரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தோம். கரித்தது.

தம்பி விளக்கினான். களனி கங்கையில் தண்ணீர் நிறைய ஓடும்வரை அது கடலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மழை பொய்த்தால் மேலே கரண்டுக்காகத் தேக்கிவைத்து அளந்துதான் விடுவார்கள். கீழே ஆறு மெலிந்ததும் கடல் உள்ளே ஏறி, ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் இடம்வரை வந்துவிடும். அணைக்குக் கீழே பல இடங்களில் வெறும் பாறைதான் என்றான். மேலே ஏறி வந்த மீன்கள் சுவரைக் கண்டு நின்றுவிட்டனவாம். ஆற்றுக்குள் கடல் மீன் பிடிபடுவதாக எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரர் முந்தி ஒருநாள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அப்ப இது உன்ட வேலையா?” என்றாள் அவள்.

“நான் மட்டுமா அக்கா? மணல் அள்ளி அள்ளி ஆத்தைப் பள்ளமாக்கினவங்களும்தான்.”

“எனக்கு அந்தக் கதையெல்லாம் வேணாம். போய் உன்ட அணைட வான்கதவத் திற. இந்த மனுசன்ட பிரஷர் ஏறுது.”

என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. சட்டைப் பைகளை மட்டும் உள்ளே தள்ளிவிட்டாள்.

அவன் திரும்பிப் போய்ச் சேருவதற்குள் மலையில் மழை கொட்டியது, கதவுகளும் திறந்தன. தான் போட்ட சத்தத்தில்தான் திறந்தன என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள். குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பருப்பு பழையபடி செத்துக் கிடந்தது. நான் பாதிச் சோற்றோடு எழும்பினேன், மறுநாளும் அப்படியே. அவள் மிச்சச் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் நான் ஹோலில் படுத்திருக்க, குசினிக்குள் அடுப்படியில் நின்று அவள் போனில் மெதுவாகக் கதைப்பது கேட்டது.

“தம்பி, அந்தக் கதவ இன்னும் திறந்தா வச்சிருக்கிறாய்? கனக்க வேணாம், ஒரு சிட்டிகை அளவுக்குச் சாத்தி வைக்க ஏலாதா? அத்தான் சாப்பிடுறாரில்ல.”