பட்டுச்சேலைக்கு எது கம்ஃபியஸ்ட்?

காலையில் முதல் வேலையாக, குதிகால் வலியால் நுனிக்காலில் நடந்துபோய் மகளுக்கு இங்கிலீஷ் பாடம் சொல்லிக்கொடுத்தேன். கம்ஃபி என்றால் சௌகரியம்; கம்ஃபி, கம்ஃபியர், கம்ஃபியஸ்ட்.

அப்புறம் கொழிஞ்சாம்பாறையில் செருப்புக் கடை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகள் கல்யாணம். தாய்மாமன் மனைவியாக மண்டப வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் "வாங்க" என்று கேட்டு வரவேற்க வேண்டும். ஒருவரை விட்டாலும் பத்து வருஷம் பேச்சு நின்றுபோகும். உட்கார்ந்துகொண்டு கேட்டாலும் அதே கதிதான்.

முதல் செருப்பு கம்ஃபி. மணி வைத்த இரண்டாவது கம்ஃபியர். மூன்றாவதாகக் கடைக்காரர் ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூவை நீட்டினார். போட்டு நின்றதும் வலி அடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பட்டுச்சேலைக்கு ஷூ போட்டா ஊரே சிரிக்குங்க" என்றேன்.

"ஏனுங்க அக்கா, மூஞ்சியச் சுளிச்சுட்டு வாங்கன்னு கேட்டீங்கன்னா வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிருவாங்க. பரவால்லீங்களா?"

பெண் சுதந்திரம் பற்றி இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிற நான், மணி வைத்ததைத்தான் வாங்கினேன். பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் மறுபடி நுனிக்கால். திரும்பிப் போனேன். கடைக்காரர் அந்த ஷூவையே மாற்றிக்கொடுத்தார்.

ஷூ இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. ஞாயிறன்று அதைத்தான் போடப்போகிறேன். வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. நாத்தனார் ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில் இங்கே சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கமெண்ட்டில் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு என் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும்.