அழகருக்குக் கொண்டுபோன குடம்

நனைந்த ஆட்டுத்தோலுக்கென்று ஒரு வாடை உண்டு. சூடப் புகையும் சந்தனமும் வெயிலில் சூடேறிய ஆற்றுமணலும் அதோடு கலந்து மூக்கில் ஏறினால், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சித்திரை மாதத்து மதுரையில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். என் சிறுவயதில் அந்த வாடை எங்கள் வீட்டு உத்தரத்தில் வருடம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும். அய்யா, அதாவது என் அப்பா, அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுவதற்கு வைத்திருந்த தோல்பை அது. அதன் வாயில் மெல்லிய பித்தளைக் குழாய் பொருத்தியிருக்கும். எங்கள் வீட்டில் அதற்குத் "துருத்தி" என்று பெயர்.

மதுரையில் பார்ப்பதற்கு வருடம் முழுக்க ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். தை மாதம் தெப்பம் சுற்றும், ஆவணியில் புட்டுத் திருவிழா வரும், சித்திரையில் பொருட்காட்சி போட்டு, ராட்டினமும் முறம் அகலத்துக்கு அப்பளமும் வைத்திருப்பார்கள். எதற்குப் போகலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால், அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குப் போங்கள், பழைய துணி உடுத்திக்கொண்டு போங்கள், யாராவது காலை மிதித்தால் கோபப்படாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். விடியலில் இறங்குவதைப் பார்த்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது தவறு. குதிரை வாகனத்தில் வந்த களைப்புத் தீர அழகரைக் குளிரவைக்க, அவர் வந்து தங்கும் மண்டபத்துக்கு முன்னால் நூற்றுக்கணக்கான துருத்திகளிலிருந்து ஒரே நேரத்தில் தண்ணீர் பீறிட்டு எழும் அந்தப் பகல்தான் பார்க்கவேண்டிய காட்சி.

எங்கள் ஊர், ஆர்.எஸ்.மங்கலத்துப் பெரிய கண்மாயின் தண்ணீர் வந்துசேரும் கடைசி ஊர்களில் ஒன்று. மேலே உள்ள ஊர்க் கண்மாய்கள் எல்லாம் நிறைந்து, மிச்சம் இருந்தால்தான் எங்கள் கண்மாய்க்கு வரும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது இரண்டு வருடம் சேர்ந்தாற்போல மிச்சம் எதுவும் வரவில்லை. வயலில் நெல் இல்லை, வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பொழுது போனது. அந்தச் சித்திரையில் அய்யா ஒரு நேர்த்தி செய்துகொண்டார். மற்றவர்கள் மதுரையில் கிடைக்கிற தண்ணீரைத் துருத்தியில் அடைத்துப் பீய்ச்சுவார்கள். தான் எங்கள் கண்மாய்த் தண்ணீரையே கொண்டுபோய்ப் பீய்ச்சுவதாக.

"எந்த ஊருக்கு மழ வேணுமுன்னு சாமிக்கு வெவரம் தெரியணும்ல? மேல பட்டாத்தான் தெரியும்" என்றார்.

வற்றிய கண்மாயின் நடுவில் ஆள் ஆழத்துக்கு "ஊற்று" தோண்டியிருந்தார்கள். அதில் கசிகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளி அய்யா ஒரு பித்தளைக் குடத்தை நிரப்பினார். ஒரு குடம் நிரம்ப அரைப் பகல் ஆனது. லேசாக மண்நிறம் கலந்த, வாயில் வைத்தால் இனிக்கிற தண்ணீர். மாடுகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டில் இருந்துகொண்டாள். அய்யாவும், அவருடைய அக்காள் பேச்சியத்தையும், நானும் கிளம்பினோம். குடத்தின் வாயை வாழையிலையால் மூடி, அதன்மேல் ஒரு சொம்பைக் கவிழ்த்து, அத்தை தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் குடத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, மதுரைக்குத் தண்ணி கொண்டு போறீகளா? அங்கன வைகை ஓடுதே" என்றார்.

"ஓடுதா? நீ பாத்தியா? ஒங்க வைகைக்கே நாங்கதான் ஊத்தணும்போல. நீ டிரைவர ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லு, தண்ணி அலம்புது" என்றாள் அத்தை. பஸ்ஸே சிரித்தது. நான் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யார் சிரித்தாலும், யார் பேர் கேட்டாலும் எனக்கு அப்படித்தான், வாய் ஒட்டிக்கொள்ளும். இன்றுவரை முழுசாகப் போகவில்லை.

விடியலில் தலைகளுக்கு மேலே தலைகளாக நின்ற கூட்டத்தில், அய்யாவின் தோளில் உட்கார்ந்து தங்கக் குதிரையைப் பார்த்தேன். அழகர் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தார். பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சல் உண்டு என்பார்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பச்சைடா தம்பி, பச்சை" என்று அய்யாவின் முதுகில் அடித்தாள்.

வெயில் ஏறியதும் மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடியில் என்னையும் குடத்தையும் இருத்தினார்கள். அய்யா குளித்து வேடம் கட்டிக்கொள்ளப் போனார். அத்தை, செம்பில் சர்க்கரை நிறைத்து மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டப் போனாள். போகும்போது, "இங்கனயே இரு. புள்ளை பிடிக்கிறவன் திரியிறான். ஆரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அதைவிட எளிதான கட்டளையை யாரும் இட்டதில்லை.

அன்றைக்கு மதுரையில் குடத்தையும் சொம்பையும் வைத்துக்கொண்டு நிழலில் இருப்பவர்கள் எல்லோருமே தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்கள்தான். இது எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் ஒரு பெரியவர் வந்து, ஒன்றும் கேட்காமலே குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாயருகே குவித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குவித்த கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். இது சாமித் தண்ணீர் என்று சொல்ல வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. இலையை விலக்கி ஒரு சொம்பு மொண்டு ஊற்றினேன். குடித்து முடித்து, "மகராசியா இரு தாயி" என்று ஈரக் கையை என் தலையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்து கைக்குழந்தையோடு ஒரு அம்மா. அவளுக்குப் பின்னால் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய அண்ணன் தம்பிகள் நான்கு பேர். திரும்புவதற்குள் ஒரு வரிசையே நின்றது. மஞ்சள் துண்டு போட்ட ஒருவர் தாமாகவே அதிகாரம் எடுத்துக்கொண்டு, "முண்டாதீங்கப்பா, பாப்பா ஒத்தையா ஊத்துதுல்ல? ஏலே, நீ ரெண்டாவது தடவை வர்ற, தள்ளு" என்று வரிசையை நேராக்கினார்.

"எந்த ஊருத் தண்ணி பாப்பா? எளநி மாதிரி இருக்கு" என்று ஒருவர் கேட்டார். நான் கிழக்குப் பக்கம் கையைக் காட்டினேன்.

உண்மையைச் சொல்கிறேன், பயம் பாதியிலேயே போய்விட்டது. என் முன்னால் அத்தனை பேர் வந்து நின்றதும், என் கையைப் பார்த்ததும், அதற்கு முன் நடந்ததில்லை. போதும் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் தலையை ஆட்டினார், ஒருவர் விரல்களை விரித்து நீரைக் கீழே விட்டார், ஒரு பாட்டி கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். யாரோ ஒரு பனையோலை விசிறியைத் தானமாகக் கொடுத்தார்கள், யாரோ மடியில் வெள்ளரிப் பிஞ்சு போட்டார்கள். சொம்பு குடத்தின் அடியில் "டங்" என்று தட்டியபோதுதான் அது சாமித் தண்ணீர் என்பது நினைவுக்கு வந்து அழத் தொடங்கினேன்.

மஞ்சள் துண்டுக்காரர் குடத்தை எட்டிப் பார்த்தார். "தீந்துபோச்சா? அழுகாத, இதுக்குப் போயி அழுகலாமா?" என்று அதைத் தூக்கிக்கொண்டு எதிரிலிருந்த மோர்ப் பந்தலுக்குப் போய், டிரம்மிலிருந்து குழாய்த் தண்ணீரை நிறைய மொண்டு வந்து வைத்தார். "இந்தா, ஊத்து" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அத்தை வந்ததும் முதலில் குடத்தைப் பார்த்தாள். நிறைந்திருந்தது. பிறகு என் மடியைப் பார்த்தாள். "பேசாதன்னுதான் சொன்னேன். வாங்காதன்னு சொல்ல மறந்துட்டேன்" என்று ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தாள்.

அய்யா சிவப்புக் குல்லாயும் சலங்கையுமாக வந்து, துருத்தியில் தண்ணீரை ஊற்றினார். முதல் கைத் தண்ணீரைத் தன் தலையில் தெளித்துக்கொண்டவர், அந்தக் கையை ஒரு நொடி முகத்தருகே வைத்திருந்தார். வியர்வை துடைக்கிறார் என்று நினைத்தேன். அழகர் வந்தார். நூறு துருத்திகளின் நீர் வெயிலில் வெள்ளிக் கம்பிகளாக எழுந்தது. அதில் அய்யாவின் கம்பியும் ஒன்று. அத்தனை துருத்தித் தண்ணீரும் அழகர்மேல் பட்டது, அதில் எங்கள் ஊர்த் தண்ணீர் மட்டும் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்தி.

ஊருக்குத் திரும்பி ஆடி போனது, ஆவணி போனது. ஐப்பசியில் மேல் ஊர்களுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னார்கள். எங்கள் கண்மாயில் ஊற்றுக்குழிதான் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கரைக்குப் போய்ப் பார்ப்பேன். ஊரார் சோறே என்னால்தான் போகிறது என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் அய்யா மண்வெட்டியோடு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டக் கிளம்பியபோது பின்னாலேயே ஓடி, கரைமேல் நிறுத்தி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

"தெரியும்த்தா" என்றார் அய்யா. "கொழாத் தண்ணி வாடை எனக்குத் தெரியாதா? ஆசுபத்திரி வாடை அடிச்சுச்சு."

"பெறகு ஏன்யா பீச்சுனீக?"

"வேசத்தக் கட்டிட்டு நிக்கிறேன், சாமி எதுக்க வந்துட்டாரு. பொறுங்கய்யா, ஊருக்குப் போயி அள்ளிட்டு வாரேன்னு சொல்லவா முடியும்? ஒங்க அத்தைதான் குடிச்சுத் தீத்துட்டு ஊத்தி வச்சிருக்கான்னு இம்புட்டு நாளா நெனச்சிருந்தேன்." மண்வெட்டியைக் கீழே வைத்தார். "எம்புட்டுப் பேரு குடிச்சாக?"

"எண்ணலய்யா. நெறையப் பேரு."

"நல்லாருக்குன்னாகளா?"

"எளநி மாதிரி இருக்குன்னாக."

அய்யாவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் அப்போது எதிர்பார்க்கவில்லை. வரத்துக்கால் வெட்டப் போனவர் அதை விட்டுவிட்டு நேராக டீக்கடைக்குப் போனார். "மதுரைக்காரன் வரிசையில நின்னு குடிச்சிருக்கான்யா நம்ம ஊத்துத் தண்ணிய" என்று அவர் சொல்லத் தொடங்கியபோது குடித்தவர்கள் ஐம்பது பேராக இருந்தார்கள். தை மாதத்துக்குள் ஐந்நூறு பேராகிவிட்டார்கள். நடுவில் கார்த்திகையில் ஒன்பது நாள் அடைமழை பிடித்து, கண்மாய் முக்காலே மூணு வீசம் நிறைந்தது. அதற்குக் காரணம் தண்ணீர் குடித்தவர்களா, அத்தை காட்டிய சர்க்கரைச் செம்பா என்று அய்யாவும் அத்தையும் பல வருடம் சண்டை போட்டார்கள்.

அடுத்த சித்திரைக்கு அய்யா இரண்டு குடம் கொண்டுவந்தார். "இது சாமிக்கு. இது ஒனக்கு" என்றார். கல்யாணமாகி இராமநாதபுரத்துக்கு வரும்வரை ஒவ்வொரு வருடமும் அந்த மரத்தடியில் நின்று ஊற்றினேன்.

இப்போதும் போகிறேன். அய்யாவும் இல்லை, பேச்சியத்தையும் இல்லை. ஊர்க் கண்மாயில் யாரும் ஊற்று தோண்டுவதில்லை, வீட்டு வாசலில் குழாய் வந்துவிட்டது, அது நல்லதுதான். மதுரையில் லாரியின்மேல் நின்று தண்ணீர் பாட்டில்களை வீசுகிறார்கள். பிடித்தவர்கள் மூடியைத் திருகிக் குடித்துக்கொண்டே நடக்கிறார்கள். கொடுப்பவர் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. போன சித்திரையில் கல்லூரியில் படிக்கும் என் மகளை அழைத்துப் போயிருந்தேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கும் அப்படி ஊத்துங்கம்மா" என்று கையைக் குவித்து நின்றாள். பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். விரலிடுக்கில் ஒழுகி, முழங்கை வழியே இறங்கி, சுடிதார் முழுக்க நனைந்தது. வாய்க்கு ஒரு மிடறுகூடப் போகவில்லை. அவளுக்குக் கையால் குடிக்கவே தெரியவில்லை. "விரலை நெருக்கி வை. கையை வாய்க்குத் தூக்காத, நீ குனி" என்று நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, சத்தமாகவே சொல்லிக்கொண்டு இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன்.