முன்சீட்டில் தூங்குகிறவர்கள்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸின் டிரைவர் அவர். நரைத்த மீசை, கழுத்தில் ஈரத்துண்டு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ரோட்டைப் பாருங்ணா!" என்று கத்திவிட்டேன்.

எதிரே லாரி ஏறிவர, வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினார்.

"ஏனுங்க, அந்த சீட்டுல எப்பவும் மலைக்காரங்கதான் உக்காருவாங்க. ஏறுனதும் தூங்கிருவாங்க. அதைப் பாத்தாத்தான் நான் நல்லா ஓட்டறேன்னு எனக்கே தெரியுமுங்க. இன்னிக்கு உங்க மொகத்தப் பாத்துப் பாத்து, ஓட்டத் தெரியாதவனாட்டம் இருக்குதுங்க."

லாரி போனதும் கிளப்பினார்; வண்டி இரண்டு முறை அணைந்துபோனது. கீழே இன்னும் நாற்பது வளைவுகள். மாறி உட்கார இடமில்லை. நான் கண்ணை மூடி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயையும் லேசாகத் திறந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் வண்டி நிதானமாகத் திரும்பத் தொடங்கியது.

காரவள்ளியில், "நல்லாத் தூங்கிட்டீங்களாட்ட இருக்குது!" என்று முகம் மலரச் சிரித்தார்.

"ஆமாங்க" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இன்றும் அவர்தான் ஓட்டுகிறாராம். அந்த முன்சீட்டில் இப்போது யார் விழித்திருக்கிறார்களோ.