டாங்குக்குப் பக்கத்து வீடு

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார் என்பதை எனக்குச் சொன்னது எங்கள் அலுவலகம் இல்லை; ஊரப்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுக் கோமளா அக்கா. “மேடம் தூக்கத்துலயே போய்ட்டாங்க சார். சீக்கிரம் வா” என்று போனில் அழுதார். இதே கோமளா அக்காதான் ஒரு காலத்தில் எங்களைத் தெருவை விட்டே துரத்தக் கிளம்பியவர்.

மேடத்தோடு வேலை பார்த்த உங்களுக்கு எங்கள் நிலையத்தைத் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பகலில் சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனை டாங்கில் சேர்த்து வைப்போம். சாயங்காலம் தாம்பரம் பக்கமிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் ஒரே நேரத்தில் ஏசி, மோட்டார், மிக்ஸி என்று போடும்போது அதை மறுபடி மின்சாரமாக்கித் தெருவுக்குக் கொடுப்போம். இப்படி மாற்றி மாற்றி எவ்வளவு வீணாகிறது என்று நான் புலம்புவேன். “வெயில் அடிக்கறப்ப யாருக்கும் அவ்வளவு கரண்ட் வேணாம். எல்லாருக்கும் வேணுங்கறப்ப வெயில் போயிடுது. நடுவுல ஒரு ஆள் நிக்கணும்ல? அந்த ஆளுக்குக் கூலின்னு நினைச்சுக்குங்க” என்பார் மேடம்.

முதல் ஆயுதபூஜையன்று டாங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் மேல் கற்பூரமும் வைத்துவிட்டோம். ஹைட்ரஜன் டாங்குக்கு முன்னால் கற்பூரம்! படித்த கூட்டம் மொத்தமும் கைகூப்பி நிற்க, மேடம்தான் ஓடி வந்து, யாரும் ஏற்றுவதற்குள் கற்பூரத்தை எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். “பூஜை பண்ணுங்க, நானும் நிக்கறேன். நெருப்பு மட்டும் கேட்டுக்கு வெளியே” என்றார். பேட்டரி விளக்கை வைத்துப் பூஜையை முடித்தோம்.

கேட் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் கோமளா அக்கா. “சாமிக்கே கற்பூரம் ஏத்த பயப்படறாங்கன்னா உள்ள இன்னா வெச்சிகீறாங்க?” என்று அவர் கேட்ட கேள்வி தெரு முழுக்கப் பரவியது. டாங்கை எடுக்காவிட்டால் நகர மாட்டோம் என்று எல்லாரும் கேட்டுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். நான் திரை கட்டி, படம் போட்டு விளக்கினேன். பாதிப் பயத்தில் இருந்தவர்களுக்கு முழுப் பயம் வந்தது. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பயந்தவங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க சார். பக்கத்துல போய் உக்காருங்க” என்றார்.

சொன்னபடி செய்தும் காட்டினார். தாம்பரத்துச் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, எங்கள் மதிலை ஒட்டிக் காலியாகக் கிடந்த சின்ன வீட்டுக்குக் குடிவந்தார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் டாங்க் தெரியும். “போதுமான தூரம் விட்டுத்தான் டாங்க் வெச்சிருக்கோம். இங்க அடுப்பு எரியலாம். கேட்டுக்கு உள்ளதான் தீப்பெட்டி ஆகாது” என்று சொல்லிக்கொண்டே, வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தார். காபி சுமார்தான். முதலில் வாசலில் நின்று குடித்த கோமளா அக்கா, பிறகு ஒருநாள் உள்ளே வந்து, “தள்ளு மேடம், நான் போடறேன்” என்றார். அதற்கப்புறம் டாங்கை எடுக்கச் சொல்லி யாரும் வரவில்லை.

மேடம் இறந்த அன்று சாயங்காலம் ஐஸ் பெட்டி கொண்டு வந்தவர், “இந்த நேரத்துல கரண்ட் டல்லாயிடுமே, பெட்டி நின்னுடும். ஜெனரேட்டர் எதுனா கீதா?” என்று கேட்டார்.

“இந்தத் தெருவுல டல்லாவாது” என்றார் கோமளா அக்கா. “இந்தம்மா புடிச்சு வெச்ச வெயில்தான் இப்ப வந்துகினு கீது. சொருகு.”

பெட்டி ஓட ஆரம்பித்தது. எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்ற வந்த மேடத்தின் தம்பி, ஜன்னல் வழியே டாங்கைப் பார்த்துத் தயங்கினார். கோமளா அக்கா அவர் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கித் தானே கிழித்து ஏற்றினார். “இங்க ஏத்தலாம். மேடம் சொல்லிகீறாங்க.”

அடக்கம் முடிந்து திரும்பியபோது, “இனிமே இந்த வூட்ல யாரு சார் இருப்பாங்க?” என்று கேட்டார் கோமளா அக்கா. பழைய பயம் குரலில் லேசாக எட்டிப் பார்த்தது.

மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, பக்கத்தில் போய் உட்காரச் சொன்ன அந்த ஒரு பேச்சுதான். அதை வைத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியில் என் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

“நான்தான்க்கா” என்றேன். தை பிறந்ததும் குடிவருகிறேன்.